மாற்றான் வலி: ஆட்டத்துக்கு முந்திய மதிப்பீடு குறித்து ஒரு மறுப்புரை

இப்பதிவு நீளமானது, பொறுத்தருள்க. ஆய்வேட்டின் ஓர் இயலை முடித்துத் தரவேண்டிய வாரத்தில் கால்பந்தைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று என் நெறியாளர் கடிந்துகொள்ளக்கூடும். ஆயினும் எழுதாமல் இருக்க இயலவில்லை.

சென்ற வாரம் ஒரு கருத்தரங்கின் தேநீர் இடைவேளையில் மூத்த பேராசிரியர் ஒருவர் சொன்னார்: “ஆட்டத்துக்கு முன்பு எதிரணியின் பலம், பலவீனம் என்று அலசுவதெல்லாம் கிளி ஜோசியம். அதில் அறிவு என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை.” சுற்றி நின்ற மாணவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றிரவு மட்டாஞ்சேரியில் வீட்டுக்குத் திரும்பிக் கைபேசியைத் திறந்தால், ஆய்வு மாணவர் குழு ஒன்றில் அடுத்த ஆட்டத்துக்கான ‘எதிரணி அலசல்’ சுற்றிக்கொண்டிருந்தது. அதன் சாரம் இதுதான்: வடகிழக்குப் பையன்களிடம் வேகம் உண்டு, உடல்வலு இல்லை, ஆப்பிரிக்க ஆட்டக்காரரிடம் வலு உண்டு, ஆட்ட அறிவு இல்லை, நமக்கோ கலூர் அரங்கின் மஞ்சள் கடல் இருக்கிறது, அது போதும். எழுதியவர் முதுகலையில் தங்கப்பதக்கம் பெற்றவர்.

அதைப் படித்து முடித்தபோது பேராசிரியர் சொன்னதே சரி என்று தோன்றியது. இரண்டு நாள் கழித்து அவ்வெண்ணம் மாறியது. பேராசிரியரும் அந்த மாணவரும் எதிரெதிர்த் திசையில் நிற்பவர்களைப் போலத் தோன்றினும் இருவரும் ஒரே பிழையைத்தான் செய்கிறார்கள். மாற்றானை அறிய முடியாது என்கிறார் ஒருவர். மாற்றானை ஏற்கெனவே அறிந்துவிட்டேன் என்கிறார் மற்றவர். இருவருக்கும் மாற்றானைப் பார்க்க வேண்டிய தேவை ஏற்படவில்லை.

எதிரணியை ஆட்டத்துக்கு முன்பு மதிப்பிடுவது ஓர் அறிவுச் செயல் என்பது என் வாதம். அதற்கு முறை உண்டு; சான்று உண்டு; தவறினால் தவறென்று காட்ட வழியும் உண்டு.

1. எதிர்வாதத்தின் முழு வலு

பேராசிரியரின் கருத்தை அதன் உச்ச வலுவோடு முதலில் வைக்கிறேன். அவர் தம் வாதத்தை விரித்துரைக்கவில்லை; விரித்திருந்தால் மூன்று காரணம் சொல்லியிருப்பார்.

முதலாவது, கால்பந்தில் கோல்கள் மிகக் குறைவு. ஆகவே தற்செயலுக்கு இடம் மிகுதி. 2014 டிசம்பர் 20 அன்று மும்பையில் நடந்த முதல் இந்தியன் சூப்பர் லீக் இறுதியாட்டத்தில் தொண்ணூறு நிமிடம் வரை கோல் இல்லை. நிறுத்த நேரத்தில் மாற்று ஆட்டக்காரராக வந்த முகமது ரஃபீக் ஒருமுறை தலையால் முட்டினார். கொல்கத்தா கோப்பையைக் கொண்டுபோனது. கேரளா பிளாஸ்டர்ஸ் வெறுங்கையோடு திரும்பியது. அந்த ஒரு முட்டலை எந்த மதிப்பீடு முன்கூட்டிச் சொல்லும்?

இரண்டாவது, நமக்குக் கிடைக்கும் தரவு சொற்பம். ஒரு பருவத்தில் ஓர் அணி ஆடுவது சில பத்து ஆட்டங்களே. அதற்குள் பயிற்சியாளர் மாறுகிறார், வெளிநாட்டு வீரர் மாறுகிறார், காயம் வருகிறது. நேற்றைய அணியை ஆராய்ந்து இன்றைய அணியைப் பற்றிப் பேசுகிறோம்.

மூன்றாவது காரணமே கடினமானது. மதிப்பிடப்படுகிறவன் கல் அல்லன். அவனும் நம்மை மதிப்பிடுகிறான். நாம் அவனை அறிந்துகொண்டோம் என்பதை அவன் அறிந்தவுடன் நம் அறிவு பழையதாகிவிடுகிறது. வானியலாளருக்கு இந்தச் சிக்கல் இல்லை.

இம்மூன்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இவை தகர்ப்பது முன்னறிவிப்பை மட்டுமே. மதிப்பீட்டை அல்ல.

2. ஆரூடம் வேறு, மதிப்பீடு வேறு

‘யார் வெல்வார்’ என்பது ஆரூடக்காரனின் கேள்வி. ‘அவர்கள் எந்தெந்த வழிகளில் நம்மைத் தோற்கடிக்கக்கூடும்’ என்பது மதிப்பீட்டாளனின் கேள்வி. முன்னதற்கு விடை ஒரு பெயர். பின்னதற்கு விடை நிபந்தனை வாக்கியங்களின் தொகுதி: இன்ன நிலையில் அவர்கள் இன்னது செய்கிறார்கள், ஆகவே நாம் இன்னதைக் காக்க வேண்டும்.

இதைத் தெளிவாகக் காண விரும்புவோர் அமெரிக்கக் கால்பந்தைப் பார்க்கலாம். பெயர்தான் கால்பந்து, பெரும்பாலும் கையால் ஆடுவது. பந்தை வைத்திருக்கும் அணி பத்து கெஜம் முன்னேற நான்கு முயற்சிகள் பெறும். ஒவ்வொரு முயற்சிக்குப் பிறகும் ஆட்டம் நின்று மீண்டும் தொடங்கும். ஆகவே ‘மூன்றாம் முயற்சி, இன்னும் எட்டு கெஜம் மீதி’ என்னும் நிலையில் எதிரணி பந்தை எறிகிறதா, ஏந்தி ஓடுகிறதா என்று எண்ணிக் கணக்கிட இயலும். அங்கே அணிகள் எதிரணியின் ஆட்டப் பதிவுகளை வாரந்தோறும் பகுத்துப் பார்க்கின்றன. தாக்குதல், தற்காப்பு, உதைகளுக்கான சிறப்புப் பிரிவு என மூன்றையும் தனித்தனியே எடைபோடுகின்றன. அதற்கென ஊதியம் பெறும் ஆட்களே இருக்கிறார்கள். அவர்களிடம் போய் இது கிளி ஜோசியம் என்று சொல்லிப் பாருங்கள்.

நம் கால்பந்து அப்படி நின்று நின்று ஆடப்படுவதில்லை. ஓடும் நீர் போன்றது. ஆனால் அதிலும் நீர் தேங்கும் இடங்கள் உண்டு: கார்னர் கிக், ஃப்ரீ கிக், த்ரோ-இன், பெனால்டி. அங்கேனும் எண்ணலாம் அல்லவா?

2018 மார்ச் 17 அன்று பெங்களூரு ஸ்ரீ கண்டீரவா அரங்கில் நடந்த இறுதியாட்டத்தை நினைவுகூர்க. லீக் சுற்றில் பெங்களூரு 40 புள்ளிகளோடு முதலிடம். சென்னையின் எஃப்சி 32 புள்ளிகளோடு இரண்டாமிடம். சொந்த மண்ணில் ஆடிய பெங்களூருக்காகத் தொடக்கத்திலேயே சுனில் சேத்ரி கோலடித்தார். ஆரூடக்காரர்கள் அத்தோடு கடையை மூடியிருப்பார்கள். ஆனால் இடைவேளைக்குள் சென்னையின் தடுப்பாளர் மெயில்சன் ஆல்வெஸ் இரண்டு முறை தலையால் முட்டிக் கோலடித்தார். இரண்டும் கார்னர் கிக்கிலிருந்து வந்தவை. முடிவு 3-2, கோப்பை சென்னைக்கு.

புள்ளிப் பட்டியல் ‘யார்’ என்ற கேள்விக்கு விடை சொன்னது, தவறாகச் சொன்னது. ‘கார்னர் கிக் நேரத்தில் அந்த உயரமான பிரேசில்காரரை யார் பிடிப்பது’ என்பது வேறு கேள்வி. அது சிறிய கேள்வி, அலங்காரமற்ற கேள்வி. அந்த இறுதியாட்டமே அதற்குள் இருந்தது.

வள்ளுவர் இதைப் பிரித்து வைத்திருக்கிறார். வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று 48, 49, 50ஆம் அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. வலிமையைப் பேசும்போது அவர் நான்கு வலிமைகளை எண்ணுகிறார்: எடுத்த செயலினுடையது, தன்னுடையது, பகைவனுடையது, துணைவருடையது. யார் வெல்வார் என்று எங்கும் கேட்கவில்லை. எவற்றைச் சீர்தூக்கிப் பார்த்தபின் செயலில் இறங்க வேண்டும் என்றுதான் சொல்கிறார். ஈராயிரம் ஆண்டுத் தொடர்ச்சி பேசும் தமிழ்த்துறைகள் இந்த ஒரு வேறுபாட்டையேனும் மாணவருக்குக் கற்பித்திருக்கலாம்.

3. முத்திரை என்னும் சோம்பல்

இனி அந்தத் தங்கப்பதக்க அலசலுக்கு வருகிறேன். இங்கே என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லாமல் நகர முடியாது.

என் பாட்டனார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு மிளகுக் கிடங்கின் கணக்குப்பிள்ளையாக வந்தவர். நாங்கள் மூன்றாம் தலைமுறை. பள்ளியில் மலையாளம், வீட்டில் தமிழ். என் பதினாறாம் வயதில் ஃபோர்ட் கொச்சி வெளி மைதானத்தில் செவன்ஸ் ஆட்டம் ஒன்று. எங்கள் ஏழு பேரில் ஐவர் தமிழ்ப் பிள்ளைகள். ஆட்டம் தொடங்குமுன் எதிரணியின் பொறுப்பாளர் தம் பையன்களைக் கூட்டிவைத்து, எங்கள் காதிலும் விழும்படி எங்களை மதிப்பிட்டார்: “இவர்கள் பாண்டிகள். மூட்டை தூக்கத் தெரியும், பந்து தெரியாது. பத்து நிமிடம் ஓடவிடுங்கள், மூச்சு வாங்கும்.” அவருடைய பையன்கள் சிரித்தார்கள்.

நாங்கள் 2-0 என்று தோற்றோம். அவருடைய மதிப்பீடு மெய்யாயிற்று என்று அன்று மைதானத்தில் இருந்த எல்லோரும் நினைத்தார்கள். கொடுமை என்னவென்றால், நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். பல ஆண்டுகள் அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன்.

நடந்தது வேறு. எங்கள் கோல்கீப்பருக்கு அந்த வாரம் இடது மணிக்கட்டில் அடிபட்டிருந்தது. வீட்டில் சொன்னால் ஆடவிடமாட்டார்கள் என்று மறைத்திருந்தான். இடப்பக்கம் பாயத் தயங்கினான். இரண்டு கோல்களும் அந்தப் பக்கத்தில்தான் விழுந்தன. எங்களுக்கு மூச்சு வாங்கவில்லை. கடைசி நிமிடம் வரை ஓடினோம். பயிற்சியின்போது அவன் பந்தை ஒரு கையால் மட்டும் தட்டிக்கொண்டிருந்ததை எதிரணியின் பொறுப்பாளர் கவனித்திருந்தால், அவர் உண்மையிலேயே ஒரு மதிப்பீட்டைச் செய்திருப்பார். அவர் கவனிக்கவில்லை. அவரிடம் ஏற்கெனவே ஒரு சொல் இருந்தது. அந்தச் சொல் பார்க்கும் வேலையை அவருக்கு மிச்சப்படுத்திவிட்டது.

முடிவு சரி, காரணம் தவறு. ஆய்வாளர்களாகிய நமக்கு இதைவிட ஆபத்தான நிலை வேறில்லை. முற்றிலும் தவறான கருதுகோள் தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். தற்செயலாக மெய்யாகிவிடும் தவறான கருதுகோள் தலைமுறைகளுக்கு நிலைக்கும். அடுத்த ஆண்டு வேறொரு தமிழ்ப் பையனை அணியில் சேர்க்காமல் விடுவதற்கு அன்றைய 2-0 சான்றாகப் பயன்பட்டிருக்கும்.

ஆகவேதான் ‘வடகிழக்கு வேகம்’, ‘ஆப்பிரிக்க வலு’ என்று படிக்கும்போது எனக்கு எரிச்சல் வருகிறது. புகழ்ச்சி வடிவத்தில் இருந்தாலும் அது அந்த மைதானத்துச் சொல்லின் உடன்பிறப்பே. சான்று கேட்போருக்கு ஒன்று தருகிறேன். ஃபிஃபா உலகக் கோப்பைப் போட்டி ஒன்றில் இந்தியா அடித்த முதல் கோல் 2017 அக்டோபரில் டில்லியில், பதினேழு வயதுக்குட்பட்டோருக்கான போட்டியில், கொலம்பியாவுக்கு எதிராக வந்தது. அடித்தவர் மணிப்பூரின் ஜீக்சன் சிங். எப்படி அடித்தார்? பக்கவாட்டில் சிட்டாய்ப் பறந்தா? இல்லை. கார்னர் கிக்கில் எழும்பி, தலையால் முட்டி. பின்னர் பல பருவங்கள் இதே கொச்சியில் பிளாஸ்டர்ஸின் நடுகளத்தில் நின்று எதிரணித் தாக்குதலை உடைப்பதைத் தொழிலாகக் கொண்டிருந்தார். உயரமும் நிதானமும் அவருடைய பலம். ‘வடகிழக்கு என்றால் வேகம்’ என்று எழுதிவைத்துக்கொண்டு அவருக்கு எதிராக ஆடப் போகிறவன் கார்னர் கிக் நேரத்தில் அவரை விட்டுவிட்டுக் குட்டையான ஒருவரைப் பிடித்துக்கொண்டு நிற்பான்.

நம் ஊரிலேயே இன்னொரு சான்று. கேரளம் முதன்முதலாகச் சந்தோஷ் கோப்பையை வென்றது 1973 டிசம்பரில், எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரி மைதானத்தில். ரயில்வே அணியை 3-2 என்று வீழ்த்திய அந்த ஆட்டத்தில் மூன்று கோல்களையும் அடித்தவர் கேப்டன் மணி. அந்த அணியின் பயிற்சியாளர் சைமன் சுந்தரராஜ். 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு ஆடிய தமிழர். கேரளக் கால்பந்தின் தொடக்கப் பெருமைக்குப் பின்னால் ஒரு ‘பாண்டி’ நின்றிருந்தார் என்பதை வெளி மைதானத்தில் அன்று எனக்கு யாரேனும் சொல்லியிருந்தால் தோல்வி அவ்வளவு வலித்திருக்காது.

என் பாட்டனார் வேலை பார்த்த கிடங்கில் மிளகு மூட்டைகளின் மேல் ஊர்ப்பெயர் எழுதியிருக்கும். அந்தப் பெயரைப் பார்த்து யாரும் விலை பேசியதில்லை. குத்தூசியை மூட்டையின் நடுவயிற்றில் செலுத்தி மாதிரி எடுப்பார்கள். விரலால் நசுக்கிப் பார்ப்பார்கள். ஒரு லிட்டர் அளவையில் நிரப்பி எடை போடுவார்கள். கனமான மணி தங்கும், பதர் தெரிந்துவிடும். ஊர்ப்பெயர் ஒரு தகவல்தான், எடை அல்ல. மிளகுக்குக் கொடுத்த இந்த மரியாதையை நாம் மனிதருக்குக் கொடுப்பதில்லை.

4. மஞ்சள் கடலும் தன் வலியும்

வள்ளுவர் பகைவனின் வலிமைக்கு முன்பாகத் தன் வலிமையை எண்ணுகிறார். அந்த வரிசை தற்செயலானதன்று என்பது என் துணிபு. தன்னை மிகையாக எடைபோடுகிறவன் எதிரியைச் சரியாக எடைபோட இயலாது. தராசின் ஒரு தட்டு ஏற்கெனவே சாய்ந்திருக்கிறது.

2016 டிசம்பர் 18 அன்று அதே கொல்கத்தா அணி இறுதியாட்டத்துக்குக் கொச்சிக்கே வந்தது. கலூர் ஜவாஹர்லால் நேரு அரங்கில் மஞ்சளைத் தவிர வேறு நிறம் இல்லை. “இந்தக் கூட்டமே பன்னிரண்டாவது ஆட்டக்காரர்” என்று அன்று எல்லோரும் சொன்னோம். முகமது ரஃபி முதல் கோலை அடித்தபோது அரங்கு அதிர்ந்தது. சில நிமிடங்களில் கார்னர் கிக் ஒன்றில் ஹென்ரிக் செரெனோ தலையால் முட்டிச் சமன் செய்தார். அதன்பின் பெனால்டி ஷூட்-அவுட்டில் 4-3 என்று கோப்பை மறுபடியும் கொல்கத்தாவுக்குப் போனது.

2014இல் தோல்வியைத் தந்ததும் கார்னர் கிக்கிலிருந்து ஒரு தலைமுட்டல். 2016இல் வெற்றியைத் தடுத்ததும் அதுவே. இரண்டு நிகழ்வுகளை வைத்து விதி வகுக்க முடியாது. புள்ளியியல் நண்பர்கள் அடிக்க வருவார்கள். ஆனால் ஒரு கேள்வியை வகுக்கலாம். 2016 இறுதியாட்டத்துக்கு முந்திய வாரம் நாம் எழுதித் தள்ளியவற்றில் அந்தக் கேள்வி எங்கே இருந்தது? கூட்டத்தின் ஆரவாரத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினோம். கார்னர் கிக் வரும்போது ஆரவாரம் எழும்பிப் பந்தை வெளியே முட்டித் தள்ளாது.

5. எண்களின் மயக்கம்

இவ்வளவும் படித்தபின், ‘அப்படியானால் புள்ளிவிவரத்தை நம்புவோம்’ என்று சிலர் கிளம்பக்கூடும். அவர்களுக்கும் ஒரு சொல்.

பிரிட்டிஷ் வான்படையில் கணக்கு அதிகாரியாக இருந்த சார்லஸ் ரீப், 1950 முதல் ஆட்டங்களைக் குறியீடுகளால் பதிவுசெய்யத் தொடங்கினார். பென்சிலும் குறிப்பேடுமாக அவர் செய்த உழைப்பு வணங்கத்தக்கது. 1968இல் பெர்னார்டு பெஞ்சமினுடன் சேர்ந்து ராயல் புள்ளியியல் கழக ஆய்விதழில் கட்டுரையும் எழுதினார். பெரும்பாலான கோல்கள் மூன்று அல்லது அதற்குக் குறைவான பாஸ்களில் விளைகின்றன என்று அவர் கண்டார். ஆகவே பந்தை நீளமாக முன்னோக்கி அடிப்பதே சிறந்த வழி என்னும் முடிவுக்குப் போனார். இங்கிலாந்துக் கால்பந்தின் ஒரு தலைமுறையை அந்த முடிவு ஆட்டிப்படைத்தது.

குறை எங்கே? பெரும்பாலான நகர்வுகளே மூன்று பாஸ்களுக்குள் முடிந்துவிடுகின்றன. அப்படியானால் பெரும்பாலான கோல்களும் அவற்றிலிருந்து வருவதில் வியப்பென்ன? மட்டாஞ்சேரியில் பாராட்டுப் பெறும் தேநீரில் பெரும்பகுதி கண்ணாடிக் குவளையில் வழங்கப்பட்டது. ஆகவே கண்ணாடிதான் தேநீருக்குச் சுவை தருகிறது என்பது போன்றது அது. விகிதத்தைப் பார்க்க வேண்டிய இடத்தில் தொகையைப் பார்த்தார்.

முத்திரைக்காரர் பார்க்காமலே முடிவு செய்கிறார். ரீப் ஆண்டுக்கணக்கில் பார்த்தார். ஆனாலும் தம் விருப்பத்துக்கு உகந்த கேள்வியையே எண்களிடம் கேட்டார். எண் என்பது சாட்சி. குறுக்கு விசாரணை இல்லாமல் எந்தச் சாட்சியும் முழுமையாகாது.

6. நாம் கவனிக்காத பலம்

2023 மார்ச் 3ஆம் தேதியைப் பிளாஸ்டர்ஸ் ரசிகர் எவரும் மறக்கமாட்டார். பெங்களூருவில் நாக்-அவுட் ஆட்டம். வழக்கமான நேரத்தில் கோல் இல்லை. கூடுதல் நேரத்தில் பெங்களூருக்கு ஒரு ஃப்ரீ கிக். நம்மவர்கள் தடுப்புச் சுவர் அமைக்கவும் இல்லை, கோல்கீப்பர் தம் இடத்துக்கு வரவும் இல்லை. சேத்ரி பந்தை உள்ளே அனுப்பிவிட்டார். நடுவர் கோல் என்றார். பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் தம் அணியை மைதானத்திலிருந்து வெளியே அழைத்தார். அகில இந்தியக் கால்பந்து கூட்டமைப்பு அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதமும் பயிற்சியாளருக்கு 10 ஆட்டத் தடையும் விதித்தது.

நடுவரின் முடிவு சரியா என்ற வழக்கை இங்கே மீண்டும் திறக்கப் போவதில்லை. அந்த வழக்கில் ஆயிரக்கணக்கான பதிவுகள் ஏற்கெனவே வாதாடியிருக்கின்றன. என் கேள்வி வேறு. விசிலுக்குக் காத்திராமல் விரைந்து எடுக்கும் ஃப்ரீ கிக் என்பது ஆட்டவிதிகள் அறிந்த ஒன்று. சேத்ரியின் ஆட்ட அனுபவம் நாடறிந்த ஒன்று. இரண்டையும் சேர்த்து, ‘நாம் நடுவரோடு பேசிக்கொண்டிருக்கும் கணத்தில் இவர் என்ன செய்வார்’ என்று நம் அலசல்களில் எது கேட்டது? சேத்ரியின் பலம் என்று நாம் எழுதியவை அவருடைய கோல் எண்ணிக்கை, தலைமைப் பண்பு, வயது. கவனம் சிதறாமை என்னும் பலத்துக்கு நம் பட்டியலில் கட்டமே இல்லை.

எதிரணியின் பலவீனத்தைப் பட்டியலிடுவது எளிது, இனிது. பலத்தை, அதிலும் நமக்குப் பிடிக்காத பலத்தை, நேர்மையாக எழுதுவதுதான் கடினம். அன்றிரவு எல்லோரும் ‘ஏமாற்று’ என்று எழுதினார்கள், நானும்தான். அது ஏமாற்றா, விழிப்பா என்பதை ஒவ்வொருவர் மனசாட்சிக்கும் விடுகிறேன். அடுத்த ஆட்டத்துக்கான குறிப்பேட்டில் மட்டும் அது ‘பலம்’ என்ற தலைப்பின்கீழ்தான் எழுதப்பட வேண்டும்.

7. அறிந்தாலும் வெல்வது உறுதியில்லை

மதிப்பீட்டை மந்திரக்கோலாகவும் ஆக்க வேண்டாம். 2019 ஜனவரியில் லீட்ஸ் அணியின் ஆள் ஒருவர் டெர்பி அணியின் பயிற்சித் திடலருகே ஒளிந்து பார்த்தபோது பிடிபட்டார். அணிக்கு 2,00,000 பவுண்டு அபராதம். பயிற்சியாளர் மார்செலோ பியெல்சா செய்தியாளரை அழைத்து, தம் ஆய்வு முறையையே திரையில் விரித்துக் காட்டினார். டெர்பியின் முந்தைய பருவத்து 51 ஆட்டங்களையும் பார்த்திருந்தார்கள். ஓர் ஆட்டத்துக்கு நான்கு மணிநேர உழைப்பு. இவ்வளவும் தேவையா என்றால், தேவையில்லைதான், செய்யாவிட்டால் குற்ற உணர்வும் பதற்றமும் மிஞ்சும் என்ற பொருள்படச் சொன்னார். ஒளிந்து பார்த்ததை நான் ஆதரிக்கவில்லை. அந்த 51 ஆட்டங்களை வணங்குகிறேன். அதே ஆண்டு மே மாதம் பிளே-ஆஃப் அரையிறுதியில் அதே டெர்பியிடம் அவருடைய அணி தோற்றது.

2006 உலகக் கோப்பைக் காலிறுதியில் ஜெர்மனியின் கோல்கீப்பர் ஜென்ஸ் லேமன் காலுறையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து எடுத்துப் பார்த்தார். அர்ஜென்டினா வீரர்கள் பெனால்டியை எந்தப் பக்கம் அடிப்பார்கள் என்ற குறிப்பு அதில் இருந்தது. கடைசியாக வந்த எஸ்தெபான் காம்பியாஸோவின் பெயர் சீட்டிலேயே இல்லை. லேமன் அதை அவர் முன்னால் நிதானமாகப் படித்துவிட்டுப் போய் நின்றார், பந்தைத் தடுத்தார். அறிவு வேலை செய்தது, அறியாத இடத்திலும்! மூன்றாவது எதிர்வாதத்தை நினைவில் வைத்திருப்போர் கவனிக்க: மதிப்பிடப்படுகிறவன் அதை அறிகிறான் என்பது நம் அறிவை எப்போதும் அழிப்பதில்லை. சில வேளைகளில் அவனையே தடுமாறச் செய்கிறது.

8. பரபக்கம்

இனி நம் வீட்டுக்கு வருவோம். கால்பந்தைச் சாக்காக வைத்து நான் சொல்ல வந்தது இதுதான்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரை இரு பகுதிகளாக எழுதினார். முதலில் பரபக்கம், பிறகே சுபக்கம். உலகாயதம் தொடங்கிப் பதினான்கு பிறர் கொள்கைகளை எடுத்துரைத்து மறுத்த பின்னரே தம் சமயத்தை நிறுவுகிறார். அவருக்கு முன்பே மணிமேகலை காஞ்சிக்குப் போகுமுன் வஞ்சியில் சமயக்கணக்கர் ஒவ்வொருவரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்டறிகிறாள். மாற்றாரைக் கேளாமல் தம்மை நிறுவுவது நம் மரபில் குறைபாடாகவே கருதப்பட்டது.

இதன் உச்சம் குண்டலகேசி. பௌத்தக் காப்பியமான அது இன்று முழுமையாகக் கிடைக்கவில்லை. அதை மறுக்க எழுந்த சமண நூலான நீலகேசியும் அதன் உரையும் இல்லாவிட்டால், அந்த நூலின் வாதங்களைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி தெரியாமலே போயிருக்கும். எதிரி எழுதிவைத்ததால் எதிரி பிழைத்தான். பகைவனின் கூற்றை இவ்வளவு கவனத்தோடு பாதுகாத்த ஒரு மரபின் பேரப்பிள்ளைகள் நாம்.

நம் ஆய்வேடுகளில் ‘முன்னாய்வுகள்’ என்னும் பகுதியைத் திறந்து பாருங்கள். எத்தனை ஏடுகளில் எதிர்க்கருத்து அதன் முழு வலுவோடு இருக்கிறது? பெரும்பாலும் ஒரு வரியில் கட்டி, ஒரு வரியில் வீழ்த்தப்பட்ட வைக்கோல் பொம்மைகள். ‘இவர் மார்க்சியர், ஆகவே இப்படிச் சொல்வார்’. ‘இவர் அந்தச் சாதியினர், ஆகவே இப்படித்தான் எழுதுவார்’. ‘இவர் வெளிநாட்டவர், இவருக்குத் தமிழ் தெரியாது’. ‘பாண்டிகள், பத்து நிமிடத்தில் மூச்சு வாங்கும்’ என்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? வாய்மொழித் தேர்வில் எதிர்க்கட்சியார் ஒரு நேரான கேள்வியைக் கேட்டதும் தடுப்புச் சுவர் அமைக்குமுன் கோல் வாங்குகிறோம். பிறகு நடுவர் மேல் பழி போட்டுவிட்டு மைதானத்தை விட்டு வெளியேறுகிறோம்.

பேராசிரியருக்கு என் மறுமொழி இதுவே, ஐயா: கிளி ஜோசியம் என்று நீங்கள் இகழ்ந்தது, ஒழுங்காகச் செய்யப்பட்டால், நம் துறை செய்ய வேண்டிய வேலை.

9. இறுதியாக ஒரு வேண்டுகோள்

குறை சொல்லிவிட்டு ஒதுங்குவது முறையன்று. அடுத்த ஆட்டத்துக்கு முன் அலசல் எழுதவிருக்கும் மாணவ நண்பர்களுக்கு நான்கே வேண்டுகோள்கள்.

எதிரணியைப் பற்றி எழுதும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எந்த ஆட்டத்தில் கண்டது என்று குறியுங்கள், காணாததை எழுதாதீர்கள். ஆட்டக்காரரின் ஊரையும் நிறத்தையும் நீக்கிவிட்டு வாக்கியத்தை மறுபடி படியுங்கள். எதுவும் மிஞ்சவில்லையெனில் அதை அடித்துவிடுங்கள். அவர்களுடைய பலவீனம் ஒன்றை எழுதினால் நம்முடைய பலவீனம் ஒன்றையும் பக்கத்தில் எழுதுங்கள். ஆட்டம் முடிந்த மறுநாள், எது பொய்த்தது என்பதை அதே இடத்தில் வெளியிடுங்கள்; வென்றிருந்தாலும் வெளியிடுங்கள், ஏனெனில் தவறான காரணத்துக்காக வென்றிருக்கலாம்.

மணிக்கட்டில் அடிபட்டிருந்த அந்தக் கோல்கீப்பர் இப்போது வளைகுடாவில் இருக்கிறான். பல ஆண்டுகளுக்குப் பிறகு சென்ற ஓணத்துக்கு வந்தபோதுதான் அந்த மணிக்கட்டுச் செய்தியை எனக்குச் சொன்னான். “அன்றே சொல்லியிருக்கலாமே” என்றேன். “நீயும் கேட்கவில்லையே, நாமெல்லாம் மூச்சு வாங்கித்தானே தோற்றோம் என்று சொல்லிக்கொண்டிருந்தாய்” என்றான். பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. மாற்றானை மட்டுமன்று, என் பக்கத்தில் நின்றவனையும் நான் பார்த்திருக்கவில்லை.

மறுப்பு உள்ளோர் எழுதுக. முழு வலுவோடு எழுதுக.